லமினேட் செய்த பயண அட்டை

பலாலி விமான நிலையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் நடந்து கொண்டிருந்தபோது, நான் ஏறியிருக்க வேண்டிய விமானம் என் தலைக்கு மேலாகப் பறந்து போனது. சின்ன விமானம்தான். ஆனாலும் என்னை விட்டுவிட்டுப் போகிற சந்தோஷத்தில் பெரிய சத்தம் போட்டது. கையில் சூட்கேஸ், தோளில் பை, பொக்கற்றில் பேருந்துக்கு மட்டும் போதுமான சில்லறை.

முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார்.

"தம்பி, சென்னையாலை வாறியளோ?"

"ஓம் அண்ணை." (உண்மையைச் சொல்லி விளங்கப்படுத்த அரைநாள் வேண்டும்.)

"அங்கை வெயில் எப்பிடி?"

"இஞ்சை மாதிரித்தான்."

"ஏறுங்கோ, பஸ் எடுக்கிற இடத்திலை விடுறன்."

"நடக்கிறது உடம்புக்கு நல்லது அண்ணை" என்றேன். சென்னைக்குப் போனால் பிள்ளைகளுக்கு இப்படியும் ஆகும் என்பது போல் பார்த்துவிட்டுப் போனார்.

வெளிநாடு போகிறவனுக்குக் காசைக் கொண்டுபோகும் வழி தெரியாவிட்டால் பரவாயில்லை. வழி தெரிந்த சொந்தக்காரர் இருந்தால்தான் ஆபத்து. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் என்னையும் நான் பள்ளிக்கூடத்தையும் கைவிட்டிருந்தோம். தோட்டத்தில் வெங்காயம் கிண்டினேன், மேசனுக்குக் கல் சுமந்தேன், லொறியில் உதவியாளாக ஓடினேன், இடையிடையே பட்டினியும் கிடந்தேன். யாழ்ப்பாணத்தில் ஊர் சுற்ற ஆசைப்படுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. எந்தப் பக்கம் ஓடினாலும் கடல் வந்துவிடும். கடல் இல்லாத பக்கமாக ஓடினால் கொழும்பு வரும், அங்கேயும் கடல். அதனால் லொறியில் சேர்த்த காசோடு சென்னைக்குப் பறந்து, அங்கிருந்து ரயிலில் கண்ட ஊரெல்லாம் பார்ப்பதென்று முடிவெடுத்தேன்.

குடும்ப வட்ஸ்அப் குழு உடனே கூடியது.

கனடாச் சித்தப்பா, "கிரெடிட் காட் எடு, உலகமெல்லாம் செல்லும்" என்றார். வங்கியில் சம்பளச் சீட்டுக் கேட்டார்கள். வெங்காயம் கிண்டியதற்கு எவர் சீட்டுத் தருவார்? லண்டன் மாமி, "உள்ளூர் டெபிட் காட் போதும். ஆனா வெளிநாட்டிலை காட் வேலை செய்ய விடச் சொல்லிப் பாங்கிலை சொல்லவேணும். எடுக்கிற ஒவ்வொருக்காலும் காசு வெட்டுவாங்கள்" என்றார். சுவிஸ் அண்ணை இன்னும் தாராளம். "என்ரை கணக்கிலையே உனக்கு ஒரு துணைக் காட் எடுத்துத் தாறன்" என்றார். அதற்குக் கீழே அண்ணி ஒரே ஒரு ரோஜாப்பூவைப் போட்டார். அண்ணை அதன்பிறகு குழுவில் கதைக்கவே இல்லை.

கடைசியில் எனக்குப் பொருந்தியது, காசை முன்னதாகவே போட்டு நிரப்புகிற பயண அட்டை. போட்டதைத்தான் எடுக்கலாம், களவு போனாலும் போட்டதுதான் போகும். எங்கள் ஊரான சாவகச்சேரியில், வங்கியில் இருந்த பிள்ளை அட்டையைத் தந்து, "வளைக்கக் கூடாது. தண்ணி படக் கூடாது. ரகசிய இலக்கத்தை மறக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

லமினேட் செய்யக் கூடாது என்று அவர் சொல்லவே இல்லை.

எங்கள் வீட்டுச் சட்டத்தை இங்கே சொல்ல வேண்டும். போரில் இடம்பெயர்ந்து கடல்நீரேரியைக் கடந்தபோது பத்திரப் பை நனைந்து, நாங்கள் பிறந்ததற்கே ஆதாரம் இல்லாமல் போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் லமினேட் செய்யாத ஒன்றும் வாசற்படலையைத் தாண்டுவதில்லை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நாய்க்கு ஊசி போட்ட அட்டை எல்லாம் கண்ணாடி போல் மினுங்கும். நான் மட்டும் சட்டத்தை மீறலாமா? போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, உது ஏற்கெனவே பிளாஸ்டிக்தானே?"

"வெளிநாட்டுக்குப் போறது அண்ணை. நல்ல தடிப்பாப் போடுங்கோ."

"மெசின் சுடுமடாப்பா."

"சுடட்டும்."

ரகசிய இலக்கத்தை மறக்கக் கூடாதல்லவா? அதையும் ஒரு துண்டில் எழுதி, அட்டைக்குப் பின்னால் சேர்த்தே வைக்கச் சொன்னேன். மெசினிலிருந்து அட்டை பொரித்த அப்பளம் போல் லேசாக வளைந்து, சுடச்சுட வந்தது. அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எங்கள் ஒழுங்கையில் உள்ள வீடு முழுக்க வடை கொடுத்து, நான் வெளிநாடு போகும் செய்தியையும் கொடுத்தார்.

விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். தனியாகப் போகிற இளந்தாரியை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"செலவுக்குக் காசு?"

அட்டையை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"இதென்ன, லமினேட் பண்ணியிருக்கு? உண்மையான காட்டை ஆரும் லமினேட் பண்ணுவினமோ?"

"எங்கடை வீட்டிலை எல்லாம் அப்பிடித்தான் சேர். நாயின்ரையும்."

அவர் அட்டையைத் திருப்பினார். "பின்னாலை இதென்ன இலக்கம்?"

"ரகசிய இலக்கம் சேர்."

"ரகசியமோ?" என்றவர் நாலு இலக்கத்தையும் வாய்விட்டு வாசித்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அது பாடமாகியிருக்கும்.

அட்டை உண்மையானதென்றால் சிற்றுண்டிச்சாலையில் ஒரு பணிஸ் வாங்கிக் காட்டச் சொன்னார். அங்கே காட் மெசினின் வாய்க்குள் அட்டை நுழையவில்லை. மேலே தொட்டுப் பார்த்தேன், உரசிப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. எனக்காகப் பரிதாபப்பட்ட ஓர் அம்மா நகவெட்டியைத் தந்தார். ஓரத்தை வெட்டி, உறையைப் பிடித்து இழுத்தேன். உறை கழன்றது. அட்டையின் மூளையான அந்தப் பொன்னிறச் சில்லும் உறையோடு சேர்ந்து கழன்றது.

"வீட்டை போங்கோ தம்பி" என்றார் அதிகாரி. கோபப்பட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். (இன்றைக்கும் வீட்டுக்கு ஏதாவது புதிதாக வாங்கினால், "அண்ணையின்ரை கையிலை குடாதேங்கோ, மெசினிலை சுட்டுப்போடுவான்" என்பாள் தங்கை.) காசு வங்கியில் பத்திரமாகத்தான் இருந்தது. புது அட்டை வர நாளெடுக்கும். விமானச் சீட்டுக் காசு போனதுதான்.

வடை கொடுத்த ஒழுங்கைக்குள் அன்றே திரும்பிப் போக எனக்கு முகம் இல்லை. யாழ்ப்பாணக் கடற்கரையோரம் குருநகரில் லொறிச் சிநேகிதன் ஒருவன் வீட்டில் படுத்தேன். விடிந்ததும் அவன் என்னை மீன் வியாபாரி அந்தோனி அண்ணையிடம் கூட்டிப்போனான்.

"மீன் வெட்டுவியோ?"

"ஓம்."

அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. இரண்டாவது விளைமீனை வெட்டிக்கொண்டிருந்தபோது, பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட்டு மீன் வாங்க வந்த எங்கள் ஒழுங்கைத் தவமணி மாமி எதிரில் நின்றார்.

"தம்பி, நீ நேற்றுப் பிளேன் ஏறினனியெல்லோ?"

"தலையும் வேணுமோ மாமி?"

மாமி என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். "நான் ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீ விலையைக் குறை."

குறைத்தேன். அந்தோனி அண்ணை அதை என் சம்பளத்தில் வெட்டினார். மாமி ஏறிய பேருந்து சாவகச்சேரியைத் தொட்டிருக்காது, அதற்குள் அம்மாவின் அழைப்பு வந்தது. திட்டுக்குத் தயாராகக் காதில் வைத்தேன்.

"மீன் வெட்டுறியாம்?"

"ஓம் அம்மா."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. இண்டைக்கே ஒரு விளைமீன் கொண்டா" என்றார் அம்மா. "மாமிக்குக் குடுத்த விலைக்கு."