லிப்டுக்கு ஒரு தீர்மானம்

"சனிக்கிழமைக்குள்ள லிப்ட் ஓடலைன்னா அப்பா நம்ம வீட்டுக்கே வந்துடுவார்" என்று மனைவி அறிவித்தபோது பொருளாளர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தது.

"லிப்ட் ஓடாம எப்படி வருவார்?"

"நாலு ஆளுக்குச் சொல்லி வச்சிருக்கேன். நாற்காலியோட தூக்கிட்டு வந்துடுவாங்க. வந்தா வந்ததுதான். திருப்பி அனுப்ப மாட்டேன். அவர்கிட்ட இப்பவே சொல்லித் தொலைக்காதீங்க, சந்தோஷத்துல ரத்தக் கொதிப்பு ஏறிடும்."

பொருளாளருக்கு அப்போதே ஏறிவிட்டது.

அவர் பகலில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். முதியோர் இல்லம் ஒன்றை நடத்தும் அறக்கட்டளைக்குப் பொருளாளராக இருப்பது சம்பளமில்லாத சேவை. வீட்டில் அவர் பேச்சுக்கு மதிப்பில்லை, அலுவலகத்தில் அவர் கையெழுத்துக்கு மதிப்பில்லை. இல்லத்தில் மட்டும் அவர் கையெழுத்துப் போட்டால்தான் காய்கறிக்காரருக்கே பணம் போகும். அந்த ஒரு சுகத்துக்காக அவர் எத்தனை கூட்டத்தில் வேண்டுமானாலும் உட்காரத் தயாராக இருந்தார்.

அதே இல்லத்தின் இரண்டாம் மாடியில்தான் மாமனார் இருந்தார். நாற்பது வருஷம் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். மாமியார் போன பிறகு ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு, தானாகவே கேட்டு இல்லத்துக்குப் போனவர். அந்த ஆறு மாதத்தைப் பொருளாளர் இன்னும் மறக்கவில்லை. யாராவது அறையை விட்டு எழுந்தால் போதும், வாசலைத் தாண்டுவதற்குள் விசிறி நின்றுவிடும். விளக்கு அணைந்துவிடும். மின்சாரம் வீணாகக் கூடாதாம். பொருளாளர் குளியலறையில் தலைக்குச் சோப்புப் போட்டபடி இருட்டில் நின்று "மாமா, உள்ளே நான் இருக்கேன்" என்று கத்தாத நாளே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றால் அவருக்கும் சம்மதம்தான். இல்லத்திலிருந்து மாமனாரை மகள் போய் அழைத்து வருவாள். சாப்பாடு முடிந்ததும் பொருளாளர் அறக்கட்டளையின் அந்த மாதத்து வரவு செலவை விளக்கங்களோடு வாசிப்பார். ஆரம்ப இருப்பு என்று தொடங்கும்போதே மனைவியும் பிள்ளைகளும் எழுந்து போய்விடுவார்கள். மாமனார் மட்டும் கடைசிவரை இருப்பார். அவருக்கு முட்டிவலி, அந்தத் தாழ்ந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் யாராவது கை கொடுத்தால்தான் எழ முடியும். கண்ணை மூடிக்கொண்டு அவர் கேட்கும் அழகைப் பார்த்து, இந்த ஊரில் கணக்கு தெரிந்த ஒரே மனிதர் இவர்தான் என்று பொருளாளர் உருகிப்போவார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் லிப்ட் நின்றது. அன்றே ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தால் கதையே இல்லை. ஆனால் மெக்கானிக் வந்து எட்டிப் பார்க்கவே ஒரு கட்டணம். கட்டணத்துக்கு ஒப்புதல் வேண்டும், ஒப்புதலுக்குத் தீர்மானம், தீர்மானத்துக்கு மூன்று கொட்டேஷன். ஆகவே மூடியிருந்த லிப்ட் கதவைப் போட்டோ எடுத்து மூன்று கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். கதவைப் பார்த்தே மோட்டார் போய்விட்டது என்று மூன்று பேரும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். செலவுக்கு ஒரு நன்கொடை நிறுவனம் பணம் ஒதுக்கியது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கமிட்டித் தீர்மானம் வராவிட்டால் ஒதுக்கியது ரத்து.

புதன்கிழமை பொருளாளர் மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறி மாமனாரைப் பார்க்கப் போனார். மேலே ஆறு முதியவர்கள் ஒரே கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. இரண்டு மாதமாகத் தரையை மிதிக்காத ஜீவன்கள் துக்கத்தை எப்படி மறைக்கிறார்கள் பார் என்று பொருளாளர் கைக்குட்டையை எடுத்தார்.

"லிப்டுக்காக ரொம்ப அலையறீங்களாமே மாப்பிள்ளை" என்றார் மாமனார், கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்துவிட்டு. "அவசரமே இல்லை. பொதுப் பணம். நாலு பேரைக் கலந்துக்கிட்டு நிதானமாப் பண்ணுங்க."

"வெள்ளிக்கிழமை கூட்டத்துல முடிச்சிடுவேன் மாமா."

மாமனாரின் முகம் மாறியது. சற்று யோசித்தார்.

"அதுல ஒண்ணு இருக்கு பாருங்க. நான் உங்க மாமனார். லிப்ட் ஓடினா லாபம் எனக்கு. அதுக்கு நீங்களே கையைத் தூக்கினா வெளியில என்ன பேசுவாங்க? எதுக்கும் பணம் குடுக்கற ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

இப்படி ஒரு நேர்மையா என்று பொருளாளர் அசந்துபோனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் வாசலைத் தாண்டியதும் பின்னால் விசிறி நின்றது. சீட்டாட்டக்காரர்கள் சத்தம் போட்டதும் மறுபடி ஓடியது.

அன்று மாலையே நன்கொடை நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டார். அதுவரை அந்த நிறுவனத்துக்கு விதிமுறைப் புத்தகம் என்று ஒன்று இருப்பது அவர்களுக்கே நினைவில் இருந்ததா என்பது சந்தேகம். இவர் கேட்டதும் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள். ஒரு முடிவால் தனக்கோ தன் உறவினருக்கோ லாபமோ நஷ்டமோ இருக்கிற உறுப்பினர், அது பேசப்படும்போது அறைக்கு வெளியே இருக்க வேண்டுமாம். சரியாக நடக்கிறதா என்று பார்க்க ஓர் அதிகாரியே நேரில் வருவாராம்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். சின்ன வயசுப் பெண். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு விதியை வாசித்தார். கமிட்டியில் ஐந்து பேர். குறைந்தது மூன்று பேர் உள்ளே இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

பொருளாளர் தன் மாமனார் விஷயத்தைச் சொல்லிவிட்டு, தியாகி போல எழுந்து வராந்தாவுக்குப் போனார். நான்கு பேர் இருக்கிறார்களே, பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

இரண்டு நிமிஷத்தில் தலைவர் வெளியே வந்தார். பெயிண்ட் கடைக்காரர். இருப்பதிலேயே குறைந்த கொட்டேஷன் அவருடைய சகலை கொடுத்தது.

"நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா எனக்கு இந்த மானக்கேடு உண்டா?" என்று அவர் பொருளாளரைக் கேட்டார். அதற்குள் வக்கீலும் வந்து சேர்ந்தார். இரண்டாவது கொட்டேஷன் அவருடைய சம்பந்தி கம்பெனி. சகலையைச் சொல்லிவிட்டுச் சம்பந்தியை மறைத்தால் நாளைக்குத் தலைவரே தன்னைக் காட்டிக்கொடுப்பார் என்று அவருக்குத் தெரியும்.

உள்ளே மிச்சமிருந்தது செயலாளரும் டாக்டரும். செயலாளர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவருடைய நாத்தனார் இரண்டாம் மாடியில் இருக்கிறார். லிப்ட் ஓடினால் தனக்கு லாபமா நஷ்டமா என்று அதிகாரியிடமே கேட்டு, நாத்தனார் கீழே இறங்கி வந்தால் நஷ்டம்தான் என்று இருவருமாக முடிவு செய்து, அவரும் வெளியே வந்துவிட்டார்.

கடைசியாக டாக்டர். அவருக்கு மாடியில் சொந்தக்காரர் யாரும் இல்லை. ஆனால் லிப்ட் நின்ற நாளிலிருந்து படியேறி வைத்தியம் பார்ப்பதற்கு இரட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார். அதற்கு மாதாமாதம் செக்கில் கையெழுத்துப் போட்டது பொருளாளர்தான். டாக்டரும் வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார்.

ஆக, கமிட்டி முழுவதும் வராந்தாவில் நின்றது. கூட்ட அறையில் அதிகாரியும், டீ கொண்டுவந்த சமையல்கார அம்மாவும் இருந்தார்கள். தீர்மானத்தை அந்த அம்மாவே போட்டுவிடலாமே என்று தலைவர் ஜன்னல் வழியாகக் கேட்டார். சம்பளம் வாங்குகிறவர் கமிட்டியில் இருக்க முடியாது என்றார் அதிகாரி. "அப்ப அஞ்சு டீயையும் யார் குடிக்கறது?" என்று சமையல்கார அம்மா கேட்டதற்கு விதிமுறைப் புத்தகத்தில் பதில் இல்லை.

மணி நாலரை. பொருளாளரின் கண்முன்னே சோப்பு நுரையும் இருட்டும் வந்து போயின.

"ஏதாவது பண்ணுங்க வக்கீல் சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "ஃபீஸ் வேணா நான் தர்றேன்."

"ஃபீஸ் வாங்கினா அதுக்கு ஒரு தடவை நான் வெளியே போகணும்" என்றார் வக்கீல். ஆனாலும் மனிதருக்கு மூளை வேலை செய்தது. ஜன்னலில் தலையை நீட்டி வாதாடினார். எல்லாரும் வெளியே போய்விட்டால் கூட்டமே இல்லை. கூட்டமே இல்லாதபோது யாரும் கூட்டத்திலிருந்து வெளியே போயிருக்க முடியாது. ஆகவே நாங்கள் எல்லாரும் சட்டப்படி இன்னும் உள்ளேதான் இருக்கிறோம்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் ஐந்தரைக்கு பஸ். எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கொட்டேஷன் கொடுத்த கம்பெனிகளில் கமிட்டியில் யாருக்கும் உறவில்லாததற்குத்தான் வேலையைத் தர வேண்டும்.

யாருக்கும் உறவில்லாதது மூன்றாவது கம்பெனி. அவர்கள் கேட்டது சகலை கேட்டதைப் போல மூன்று மடங்கு. முழுப் பணமும் முன்கூட்டியே கட்ட வேண்டும், கட்டியது எக்காரணம் கொண்டும் திரும்பாது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஒதுக்கிய பணம் அதில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் காணும்.

"மிச்சத்துக்கு என்ன வழி?" என்று கேட்டார் அதிகாரி.

ஐந்தாக ஏழு நிமிஷம். தலைவர் விட்டத்தைப் பார்த்தார். டாக்டர் மறுபடி காலண்டரைத் தேடினார். பொருளாளர் நான்கு வருஷமாகப் புது ஸ்கூட்டருக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார். பழையதைக் காலையில் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு ஓடினால்தான் கிளம்பும், தெருவே வேடிக்கை பார்க்கும். ஸ்கூட்டரா, மாமனாரா என்று ஒரு கணம் தராசு ஆடியது. அடுத்த கணம் நின்றுவிட்டது.

"பேர் சொல்ல விரும்பாத ஓர் அன்பர் மிச்சத்தைத் தர்றார்" என்றார்.

"அவர் இங்க யாருக்காவது சொந்தமா?"

"அவருக்கு யாருமே இல்லைங்க" என்றார் பொருளாளர். அந்த நேரத்தில் அது முழு உண்மையாகவே அவருக்குத் தோன்றியது.

ஐந்தடிக்கத் தீர்மானம் நிறைவேறியது. ஆறிப்போன டீயை எல்லாரும் குடித்தார்கள். அன்றிரவே முழுப் பணமும், ஸ்கூட்டர் காசு உட்பட, கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை காலை இல்லத்தின் கீழ்த்தளத்தில் நல்ல கூட்டம். கமிட்டி முழுவதும் வந்திருந்தது. மனைவி ஒரு நாற்காலியோடும் நான்கு ஆட்களோடும் வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று மாடிப்படிக்குக் கீழே நிறுத்தி வைத்திருந்தாள். நான்கு பேரும் மாமனாரின் எடை என்ன என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது கம்பெனியின் மெக்கானிக் பெரிய பையோடு வந்தான். மோட்டாரைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும் என்று தலைவர் கேட்டதற்கு, சாயங்காலம் ஆகிவிடும் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனான்.

டாக்டர் உட்காரக்கூட இல்லை, அதற்குள் லிப்டின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. உறுமல் கேட்டது. கதவு திறந்து, உள்ளேயிருந்து மெக்கானிக் பையோடு வெளியே வந்தான். பையின் ஜிப்பைக்கூட அவன் திறந்திருக்கவில்லை.

எல்லாரும் கை தட்டினார்கள். செயலாளர் மட்டும் நாத்தனாரை நினைத்துக்கொண்டு மெதுவாகத் தட்டினார். மனைவி புருஷனைப் பார்த்த பார்வையில், கல்யாணமான புதிதில் இருந்த ஏதோ ஒன்று தெரிந்தது. ஸ்கூட்டர் போனால் போகட்டும் என்று பொருளாளர் நினைத்தார். ஒரு வயசான ஜீவன் நாளைக்கு என் வீட்டுக்கு வந்து வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு, இரண்டு மாதக் கணக்கையும் சேர்த்துக் கேட்கப்போகிறதே, அதைவிட என்ன வேண்டும். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது.

"இங்க பொருளாளர் யாருங்க?" என்று மெக்கானிக் ஒரு தாளை நீட்டினான். "வேலை முடிஞ்சதுன்னு ஒரு கையெழுத்து."

பொருளாளர் பேனாவைத் திறந்தார். "என்னப்பா கோளாறு? மோட்டார்தானே?"

"மோட்டார்ல ஒண்ணுமே இல்லை சார். மேல ஒரு பெரியவர்தான் ரெண்டு மாசமா மெயின் சுவிட்சை அணைச்சு வச்சிருக்கார்" என்றான் மெக்கானிக். "லிப்ட் ஓடினா ஞாயித்துக்கிழமை தவறாம மருமகன் வீட்டுக்குக் கொண்டுபோய் உட்கார வச்சுக் கணக்கு வாசிப்பாங்களாம், பாவம், ஒரு மாசம் கழிச்சு வாப்பான்னு காபிக்குக் காசு வேற குடுத்தார்."