யானையை முன்னே நகர்த்தச் சொன்னவன்

திருமுல்லைவாயில்,
1940 பிப்ரவரி 12, திங்கட்கிழமை, காலை 6 மணி 10 நிமிடம்.
என்னோடு பேசாதவர்கள்: முப்பத்தேழு பேர்.

மதிப்புக்குரிய மாமா கங்காதரன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகன் உலகநாதன் வணங்கி எழுதுவது. இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் தாட்சாயிணி அத்தை நேற்று மாலையிலிருந்து சாப்பிடவில்லை, உங்கள் மகள் வசந்தா என் முகத்தைப் பார்ப்பதில்லை, உங்கள் வீட்டு வாசற்கதவு கொல்லையில் கிடக்கிறது. மற்றபடி மாடு நலம். தோற்ற வெட்கத்தில் நீங்கள் ஊர் திரும்பாமல் புரசவாக்கத்தில் தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல. அது நான். எப்படி என்று வரிசையாக எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தால் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படிக்கவும்.

நம் அம்பத்தூர்க் குழுவும் பூந்தமல்லிக் குழுவும் மோதும் சதுரங்க இறுதிப் போட்டியை, சென்னையில் ஆட்டம் நடக்க நடக்க ரேடியோவில் சொல்வார்கள் என்று தெரிந்ததும், வயர்லெஸ் படித்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்பதால், பாடியில் ஒரு மில்காரரிடம் ரேடியோவை இரவல் வாங்கி, ஆவடியில் பாட்டரியைச் சார்ஜ் செய்து, சைக்கிளில் கட்டி, ஆசிட் என் வேட்டியில் ஏழு ஓட்டை போட்டதையும் பொறுத்துக்கொண்டு, உங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து வைத்தேன். எல்லோருக்கும் தெரியும்படி பெரிய பலகை வேண்டும். வாசற்கதவைக் கழற்றி, கட்டம் போட்டு, அறுபத்து நான்கு ஆணி அடித்து, அட்டையில் வெட்டிய காய்களை மாட்டினேன். அத்தையிடம் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருக்க மாட்டார்கள். நான்கு பலகையில் ஆட்டம், நம்மிடம் ஒரே கதவு. ஆகவே முதல் பலகையில் ஆடும் உங்கள் ஆட்டத்தை மட்டும் காட்டுவது என்று முடிவு.

ரேடியோ பாடியது, ஆனால் ஏரியல் கம்பியை நான் கூரைமேல் நின்று கையில் பிடித்தால்தான் பாடியது. விட்டால் ‘கொர்’ என்றது. இதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டு, உங்களுக்குப் புரியாது. ஆகவே நான் கூரைமேல், காய் நகர்த்தும் பொறுப்பு பக்கத்து வீட்டுத் தங்கவேலுவிடம். முதல் நகர்த்தலிலேயே தகராறு. வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் என்றது ரேடியோ. தங்கவேலு ஒரு கட்டம்தான் வைத்தான்.

“ரெண்டு கட்டம்டா” என்றேன் மேலேயிருந்து.

“இன்னா நைனா, சிப்பாய் எங்கனா ரெண்டு அடி வைப்பானா? ஒரு அடிதான். எனக்கு ஆட்டம் சொல்லிக் குட்த்ததே உங்க மாமாதான்.”

“அது பழைய ஆட்டம். போட்டியில் முதல் தடவை இரண்டு கட்டம் தாண்டலாம். மாமாவே மூன்று மாசமாக அப்படித்தான் பழகுகிறார்.”

“அவுரு பழகட்டும். இது அவுரு ஊட்டுக் கதவு. இதுல ஒரு அடிதான்.”

ஆட்டம் கேட்க முற்றத்தில் கூடியிருந்த முப்பத்தேழு பேரும் தங்கவேலு பக்கம். நான் இறங்கிவந்து உதைக்கலாம்; இறங்கினால் ரேடியோ நின்றுவிடும். “சரி, வெச்சிட்டேன்” என்று அவன் சொன்னதை நம்பினேன். அங்கிருந்து பார்த்தால் எனக்குக் கதவின் முதுகுதான் தெரியும்.

மாலை ஐந்தரைக்கு மற்ற மூன்று பலகையும் முடிந்து ஆளுக்கு ஒன்றரைப் புள்ளி. மிச்சம் உங்கள் ஆட்டம். “கங்காதரன் இருபது நிமிடமாக யோசிக்கிறார்” என்றது ரேடியோ. யோசிக்கிறவருக்கு ஏரியல் எதற்கு என்று நான் இறங்கினேன். கதவைப் பார்த்தேன். பார்த்த கணமே தெரிந்துவிட்டது: யானையை முன்னே நகர்த்தினால் பூந்தமல்லி தீர்ந்தது. அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். ரேடியோவைப் பார்த்துக் கத்தியும் சொன்னார்கள். அதற்குக் காது கிடையாது என்று விளக்க நேரமில்லை. கோப்பையோடு வந்துதான் நிச்சயத் தட்டு மாற்றுவேன் என்று நீங்கள் சொல்லியிருந்ததும், வசந்தா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்ததும் சேர்ந்து என்னைச் சைக்கிளில் ஏற்றின. தந்தி ஆபீசில் யாரும் இல்லை. நாற்காலியில் கோட்டு தொங்கியது. ‘மூவ் எலிஃபண்ட் ஃபார்வர்டு’ என்று எழுதி, நீங்கள் ஆடும் மண்டபத்து விலாசமும் போட்டு, சில்லறையோடு ஜன்னல் வழியே தள்ளிவிட்டுப் பறந்துவந்தேன்.

மறுபடி கம்பியைப் பிடித்தபோது நீங்கள் யானையை முன்னே நகர்த்தியிருந்தீர்கள். தெருவே ஆடியது. அடுத்து, பூந்தமல்லிக்காரர் ஒரு சிப்பாயை இரண்டு கட்டம் தாண்டி வைத்தார், யானைக்கு ஓட வழியில்லை, நீங்கள் எழுந்து அவர் கையைக் குலுக்கினீர்கள்.

“ரெண்டு அடி வெச்சிட்டான், திருட்டுப் பய” என்றான் தங்கவேலு.

அப்போதுதான் இறங்கிவந்து கதவை ஒழுங்காகப் பார்த்தேன். இரண்டு கட்டம் தாண்டியிருக்க வேண்டிய ஒவ்வொரு சிப்பாயும் ஒரு கட்டம் பின்னால். நான் பார்த்துத் தந்தி கொடுத்தது உங்கள் ஆட்டத்துக்கு அல்ல, தங்கவேலுவின் ஆட்டத்துக்கு. இதைச் சொன்னதும் தெரு முழுக்க என்னைத்தான் பார்த்தது, தங்கவேலு உட்பட.

“ஊட்டுக் கதவும் பூட்ச்சி, கோப்பையும் பூட்ச்சி. உன் படிப்புல கொள்ளிய வெக்க” என்றார்கள் அத்தை.

“நல்லா யோசிச்சிகினு இருந்தவரைக் கெடுத்துட்டியே மச்சான்” என்றாள் வசந்தா. அதற்குப் பிறகு பேசவில்லை.

ஆகவே, முழு மனதோடு மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் ஆட்டத்தில் ஒரு குறையும் இல்லை. வசந்தாவுக்கு வேறு இடம் பாருங்கள், சதுரங்கமும் ரேடியோவும் தெரியாத பையனாக. உங்களுக்கும் தம்பி வீட்டாருக்கும் நீண்ட ஆயுளும், வீட்டுக்கு ஒரு கதவும் அமைய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த மருமகன் ஆக இருந்த
உலகநாதன்

பின்குறிப்பு (தனித் தாளில், காரணம் கடைசியில்):

13-ஆம் தேதி, செவ்வாய், காலை 9 மணி 40 நிமிடம். என்னோடு பேசுபவர்கள்: ஒருவர்.

அவர் தந்தி குமாஸ்தா சின்னசாமி. என் தாளையும் சில்லறையையும் திருப்பிக் கொண்டுவந்தார். “ஞாயித்துக்கெழம அஞ்சி மணிக்கே மூடிடுவோம், போர்டு கீதே பாக்கலியா? அண்ணாத்தே, யுத்த காலம். யானைய முன்னே தள்ளுன்னு தந்தி குட்த்தா, போலீசு உன்னத்தான் முன்னே தள்ளும்” என்றார்.

தந்தி போகவே இல்லை, மாமா. யானையை நகர்த்தியது நீங்களே.

இன்றைய பத்திரிகையில் உங்கள் ஆட்டம் வந்திருக்கிறது. சரியான பலகையில் வைத்துப் பார்த்தேன். பூந்தமல்லிக்காரரின் அந்தச் சிப்பாய் ஒரு அடிதான் வைப்பான் என்று இருபது நிமிடம் யோசித்து முடிவு செய்திருக்கிறீர்கள். தங்கவேலுவுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் நீங்கள் என்பதில் எனக்கு இனிச் சந்தேகமில்லை. இனி நான் செய்யப்போவது:

1. மேற்படி மன்னிப்பு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். ‘வேறு இடம் பாருங்கள்’ என்றதையும்.

2. சின்னசாமியின் டார்ச் லைட்டை அவர் ஆயுசுக்கும் சும்மா ரிப்பேர் செய்வேன். அவர் வாயைத் திறக்க மாட்டார். தெருவுக்கு வரும் ஒரே பத்திரிகை என் சட்டைக்குள் இருக்கிறது.

3. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து உங்களை ஊருக்கு அழைத்துக்கொண்டு போவேன். அதற்குள் பங்குனியில் எங்கள் கல்யாணத்துக்கு ஒரு நல்ல நாள் பார்த்து வையுங்கள்.

4. நாள் கிடைத்தால், கோப்பையைத் தோற்றவன் சாகும்வரை நான்தான். கிடைக்காவிட்டால், உங்கள் கடைசி நகர்த்தலைக் கதவில் சரியாக மாட்டி, கதவை உங்கள் வாசலில் மாட்டி, தங்கவேலுவைக் கூப்பிட்டு விளக்கம் சொல்வேன்.

5. நாள் பார்த்துவிட்டால், முன் தாள்களை ஊர் வந்து எல்லோர் எதிரிலும் உரக்கப் படியுங்கள். இந்தத் தாளைப் புரசவாக்கத்திலேயே அடுப்பில் போட்டுவிட்டு வாருங்கள்.