மரக்கறி மாமி வைத்த பெயர்

மட்டக்களப்பு வாவியையே ஏமாற்றிய ஒரே ஆள் எங்கள் நாவற்குடா மரக்கறி மாமிதான். பெயரை நம்பி அவர் வீட்டுப் படலையில் வந்து கத்தரிக்காய் விலை கேட்டவர்களும் உண்டு. மாமி ஆயுளில் ஒரு பச்சை மிளகாய்கூட விற்றதில்லை.

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கி, பள்ளிக்கூடமும் விட்டுவிட்டால், தெருப் பிள்ளைகளின் கையிலிருக்கும் போன்களைப் பிடுங்கி வைத்துவிட்டு எல்லோரையும் வாவிக்கரைக்குக் கொண்டுபோவார். கரையில் கால் வைக்கும் முன்பே ஆளுக்கொரு மரக்கறிப் பெயர் வைத்துவிடுவார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தண்ணீருக்குள் இருப்பது அதைப் பாடமாக்கிவிடும் என்பது மாமியின் கட்சி. மரக்கறியையும் பாடமாக்கிவிடாதபடி தினமும் மாற்றுவார். நேற்றுக் கத்தரியாக இருந்த பிள்ளை இன்று பாகல். தண்ணீருக்குள் இருப்பது என்ன என்று கேட்டால், அதற்குத் தான் இன்னும் பெயர் வைக்கவில்லை என்பார்.

துணைக்குப் போகும் எனக்கு மட்டும் என்றைக்கும் பூசணி. ஏன் மாற்றுவதில்லை என்று கேட்டேன்.

"அது உன்ட பேரப் பாடமாக்கினாலும் உன்ன இழுக்க அதுக்கு ஏலா மனே" என்றார், என் வயிற்றைப் பார்த்தபடி.

ஒருநாள் உச்சி வெயிலில் காற்று சட்டென்று நின்றது. வாவி எண்ணெய் போலக் கிடந்தது. முழங்கால் தண்ணீரில் பிள்ளைகள் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் தனியே விலகி, யாரோ மணல் தோண்டி விட்டுப்போன ஆழக் குழியின் ஓரத்தில் நின்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. பெயரைச் சொல்லிக் கத்தினேன். (அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். இந்தப் பத்திரிகையை எது எது வாசிக்கிறதோ.) அவள் காதைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றாள்.

அவளுக்கு அன்றைக்கு வைத்த மரக்கறி என்ன? ஞாபகம் வரவில்லை. கத்தரி, வெண்டி, பாகல், முருங்கை என்று வாயில் வந்ததையெல்லாம் கூவிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கினேன். கூவிய மரக்கறிகளெல்லாம் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டன. என்னால் நகர முடியவில்லை. வேண்டிய மரக்கறி மட்டும் குழியோரத்திலேயே நின்றது.

மாமி மர நிழலை விட்டு எழும்பவேயில்லை.

"பீர்க்கு, சோறு தின்ன வா."

மகள் நேரே வந்துவிட்டாள். நான் கூப்பிட ஏன் வரவில்லை என்று ஏசினேன்.

"ரெண்டு பக்கத்தாலயும் நீங்கதான் கூப்பிட்டீங்க அப்பா. ரெண்டு பேரும் பேரச் சொன்னீங்க. அதான் ஒராள்கிட்டயும் போகல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "குழிப் பக்கத்து அப்பா ஏசாமக் கூப்பிட்டாரு" என்றாள்.

எதிரொலியாக இருக்கும் என்றேன். மாமி சோற்றைப் பிசைந்து என் கையில் ஒரு உருண்டை வைத்தார்.

"எதிரொலியெண்டா அதுவும் உன்னப்போல ஏசியிருக்கும். தின்னு."

பங்குனியில் மாமி காலமாகிவிட்டார். இந்த வருடக் கச்சான் காற்றுக்குப் பிள்ளைகளை நான்தான் கொண்டுபோனேன். மரக்கறிப் பெயர்கள் முடிந்து பழத்துக்கு மாறியதில் அவர்களுக்கு என்மேல் கோபம். உச்சி வெயிலில் காற்று நின்றது. தண்ணீர்ப் பக்கமிருந்து யாரோ என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அச்சு அசல் மாமியின் குரல். பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நான் திரும்பிப் பார்க்காமல் சோறு போட்டேன். மாமி என்னை ஒருநாளும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை.

பூசணி என்று கூப்பிட்டிருந்தால் போயிருப்பேன்.