வியாழக்கிழமை வந்து பார்

புதன்கிழமை மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. இங்கே நான் சௌக்கியம். என் இடது முழங்காலை மட்டும் நீ தனியாக விசாரிக்க வேண்டும். அங்கே நீ, உன் வீட்டில் அவள், உன் மகள், புதிதாக வெள்ளையடித்த அந்த மாடியறை எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான்கு கடிதத்திலும் பதினோரு தொலைபேசியிலும் நீ கேட்ட கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். வருகிறேன். வருகிற ஒன்றாம் தேதி காலை ரயிலில் மூன்று பெட்டியோடு வந்து இறங்குகிறேன். எங்கள் பல்கலைக்கழகப் பதிவாளர், ஓய்வு பெறாமல் இருக்க ஒரு வருட நீட்டிப்பு தரட்டுமா என்று மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். மாடியறைக்குப் பச்சைத் திரை மட்டும் வேண்டாம், இங்கே அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக அதே பச்சையைப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டது நல்ல காரியம், ஆனால் அதை நீயே ஏணி வைத்து ஏறிப் போடவில்லையே? பத்தொன்பது வருடத்துக்கு முன்பு பல்பு மாற்றுகிறேன் என்று ஏணியில் ஏறி, பல்பைப் பத்திரமாகக் கையில் பிடித்தபடி காலை உடைத்துக்கொண்டவன் நீ. அடித்துப் பிடித்து ஓடிவந்து பத்து நாள் உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கட்டும். என் வேலைக் காலத்தில் நான் எடுத்த ஒரே நீண்ட விடுப்பு அதுதான்.

அந்தப் பத்து நாளும் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ என்னைக் குடைந்ததும் மறக்கவில்லை. "பாடம் நடத்துறதில்லன்னு சொல்றே, பரீட்சை வைக்கிறதில்லன்னு சொல்றே, டீன்னா என்னதான்க்கா பண்ணுவே?" என்று கேட்டாய். "காது கொடுத்துட்டு உக்காந்திருப்பேன்" என்றேன். "அதுக்கா சம்பளம்?" என்றாய். இன்றைக்கு விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் மானம் இப்போது அந்த வேலையின் பேரில்தான் கப்பலேறிக்கொண்டிருக்கிறது.

இளநிலைப் பட்டம் படிக்க வந்த பிள்ளைகள் யாராவது படிப்பைப் பாதியில் விட வேண்டுமென்றால் விலகல் படிவம் எழுதிக்கொண்டு என்னிடம்தான் வர வேண்டும். நான் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால் அவர்கள் போகலாம். நான் டீனான புதிதில் எனக்கென்று முத்திரை கிடையாது. பதிவாளர் அலுவலகப் பீரோவில் ஒரே ஒரு முத்திரை, அது வியாழக்கிழமை மட்டும் எங்கள் கட்டடத்துக்கு வரும். முதன்முதலாக ஒரு பெண் படிவத்தோடு வந்து அழுதது ஒரு திங்கட்கிழமை. எனக்கு அவளைவிடப் படபடப்பு. என்ன சொல்வதென்று தெரியாமல், "முத்திரை இல்லம்மா, வியாழக்கிழமை வந்து பார்" என்று சொல்லிப் படிவத்தை மேசையின் மூன்றாவது டிராயரில் போட்டேன். வியாழக்கிழமை அவள் வரவேயில்லை. வெள்ளிக்கிழமை சைக்கிள் நிறுத்துமிடத்தில் தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் சைக்கிளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்த வருடம் எனக்கே சொந்தமாக முத்திரை கொடுத்தார்கள். நான் அதைச் சத்தமில்லாமல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, இருபத்தைந்து வருடமாக எல்லோரிடமும் அதே பதிலைப் பொய்யாகச் சொல்லிவந்தேன். பிள்ளைகள் எனக்கு 'வியாழக்கிழமை மேடம்' என்று பேர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். வியாழக்கிழமை திரும்பி வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டு, வாசல்வரை கூடப் போய் வழியனுப்பியிருக்கிறேன். வராதவர்களின் படிவம் மட்டும் டிராயரிலேயே தங்கிவிட்டது.

போன திங்கட்கிழமை என் அறைச் சாமான்களைக் கணக்கெடுக்கப் பொருட்காப்பாளர் வந்தார். ஆடாத நாற்காலி ஒன்று, ஆடும் நாற்காலி ஒன்று, தண்ணீர் ஜாடி ஒன்று என்று எழுதிக்கொண்டே வந்தவர் மூன்றாவது டிராயரை இழுத்தார். அது வரவில்லை. "மெதுவா, மெதுவா" என்று நான் சொல்லச் சொல்ல, மனிதர் காலை மேசையில் முட்டுக்கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். டிராயர் அவர் கையோடு வந்தது, அடிப்பலகை மேசையோடு நின்றுகொண்டது, உள்ளே இருந்த காகிதமெல்லாம் என் ஓட்டை மின்விசிறியின் புண்ணியத்தில் கதவைத் தாண்டித் தாழ்வாரத்துக்குப் பறந்தது. வகுப்பு விட்ட நேரம் வேறு. முதலாண்டுப் பிள்ளைகள் நாற்பது பேர் ஆளுக்கொன்றாகப் பொறுக்கி எடுத்து, எடுத்த கையோடு படிக்கவும் ஆரம்பித்தார்கள். படிக்காதீர்கள் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. "காரணம்: அறை நண்பனின் குறட்டை" என்று ஒருவன் வாசித்தான், எல்லோரும் சிரித்தார்கள். "காரணம்: ஆய்வகத்தில் கை நடுங்குகிறது." அதற்கும் சிரிப்பு. அப்புறம் ஒரு பெண், "இங்கே நான் யாருக்கும் தேவைப்படவில்லை" என்று வாசித்தாள், தாழ்வாரமே கப்சிப் என்று ஆகிவிட்டது. "மேடம், இவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று அவள் கேட்டாள். நான் கையெழுத்தைப் பார்த்தேன். "உனக்கு இப்பதான் கணக்கு வகுப்பு எடுத்துட்டுப் போறாங்களே, அவங்கதான்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அந்தக் கணக்கு ஆசிரியை அதற்கப்புறம் மூன்று நாளாக என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள், ஆனால் இன்று காலை என் மேசைமேல் ஒரு பூச்செண்டு இருந்தது.

சத்தம் கேட்டுப் பதிவாளர் வந்துவிட்டார். இவர் நம் பிள்ளைதான், இங்கேயே படித்தவர், ஆனால் பதவிக்கு வந்ததிலிருந்து கோப்பு என்றால் கோப்பு, விதி என்றால் விதி. "கையெழுத்தில்லாம இத்தனை படிவமா? இது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா மேடம்?" என்று ஆரம்பித்தவர், எல்லாவற்றையும் வாங்கி, என் ஆடும் நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். முப்பத்தேழு இருந்தது. நடுவில் ஒரு தாளில் அவர் கை நின்றது, காது சிவந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதலாண்டில் புள்ளியியலில் தோற்றுவிட்டு, இனி மனிதர் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தது எனக்கு வரிவரியாக ஞாபகம் இருக்கிறது. திரும்பிப் பார்த்தபோது அவர் சட்டைப்பை கொஞ்சம் புடைத்திருந்தது. பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவர் அனுப்பிய அறிக்கையில் முப்பத்தாறு படிவம் என்றுதான் இருக்கிறது. புள்ளியியலில் இப்போதும் அவர் அப்படித்தான்.

முப்பத்தாறில் முப்பத்தைந்து பேர் படித்துப் பட்டம் வாங்கிப் போனவர்கள், அவற்றையெல்லாம் ரத்து செய்துவிட்டார்கள். மிச்சம் ஒன்று. இதுதான் தம்பி, மூன்று நாளாக என்னைச் சோறு இறங்க விடாமல் செய்கிறது. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன், பத்தொன்பது வருடத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை படிவம் கொடுத்திருக்கிறான். காரணம் என்ற இடத்தில், "இங்கே எல்லோரும் என்னைவிட அறிவாளிகள்" என்று எழுதியிருக்கிறான். வியாழக்கிழமை வந்து பார் என்று நான் அனுப்பியிருக்கிறேன். அவன் வரவில்லை, ஆனால் வகுப்புக்கும் போகவில்லை. ஒரு மாதம் கழித்து, ஆளைக் காணோம் என்று துறையிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. அதன் தலையில் என் கையெழுத்தில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'வியாழக்கிழமை பார்க்கலாம்.' பார்க்கவேயில்லை. நான் கையெழுத்துப் போடாததால் பதிவேட்டின்படி அவன் இன்னும் இரண்டாம் ஆண்டுதான் படித்துக்கொண்டிருக்கிறான். போன வாரம் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியதும், அது தானாகவே அவன் பழைய முகவரிக்கு ஒரு கடிதம் அனுப்பிவிட்டதாம்: 'தாங்கள் தொடர்ந்து வகுப்புக்கு வராததற்கு வரும் வியாழக்கிழமைக்குள் நேரில் விளக்கம் தரவும்.'

என் தந்திரத்தைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. முப்பத்தாறு பேரைக் காப்பாற்றினேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ள இனி எனக்கு வாயில்லை. ஒரு பிள்ளை அழாக்குறையாக வந்து நின்றிருக்கிறது, நான் பூட்டி வைத்த முத்திரையை வைத்துக்கொண்டு பொய் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் முகம்கூட எனக்கு நினைவில்லை. நாளைக்கு அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் எனக்கு விடுவிப்புச் சான்றிதழ் தருவேன் என்று பதிவாளர் சொல்லிவிட்டார். போட்டுவிடுவேன். போட்டுவிட்டு அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். இனி யாருக்கும் யோசனை சொல்லும் வேலை எனக்கு வேண்டாம் தம்பி. உன் மாடியறையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். அந்த ஆடும் நாற்காலியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வரலாமா என்று பார்க்கிறேன். அழ வந்த பிள்ளைகள் எல்லாம் அதில்தான் உட்கார்ந்தார்கள், விழுந்துவிடாமல் இருப்பதிலேயே கவனம் போய்ப் பாதி அழுகை நின்றுவிடும்.

உன் வீட்டில் அவளுக்கு என் அன்பு. உன் மகளுக்கு அத்தையின் முத்தம், பரீட்சைக்கு நன்றாகப் படிக்கச் சொல், படிக்காவிட்டாலும் பரவாயில்லை என்றும் சொல். நீங்கள் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா

பின்குறிப்பு, வியாழக்கிழமை மதியம்: கடிதத்தை ஒட்டாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. காலையில் பேனாவைத் திறந்து படிவத்தின் மேல் வைத்திருக்கிறேன், கதவு தட்டும் சத்தம். முன்நெற்றி ஏறிய, நாற்பதை நெருங்கும் ஒரு மனிதர், தோளில் கருவிப் பை, கையில் அந்தக் கணினிக் கடிதம். எங்கள் கட்டட லிஃப்டைப் பார்க்க வந்தவர் என்று நினைத்து, "லிஃப்ட் நேத்தே சரி பண்ணிட்டாங்களே" என்றேன். "லிஃப்ட் ரிப்பேர்தான் பண்றேன், ஆனா அதுக்கு வரல மேடம்" என்றார். "இன்னைக்கு வியாழக்கிழமைதானே?"

நான் எழுந்திருக்கக்கூட இல்லை. அவரே ஆடும் நாற்காலியை இழுத்து, எந்தக் கால் குட்டை என்று தெரிந்தவராக ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "கடிதம் வந்ததும் என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா மேடம். அப்பா நீங்க இன்னும் ரெண்டாம் வருஷமா, அப்ப நான் உங்களை முந்திடுவேனேன்னு." நானும் சிரித்துப் பார்த்தேன், வரவில்லை. "அன்னைக்கு நீங்க ஏன் வரலை?" என்று கேட்டேன். "வந்தேனே மேடம். காலையில ஒன்பது மணிக்கே வந்துட்டேன். அறை பூட்டியிருந்தது. டீன் விடுப்பில், திரும்பும் நாள் தெரியவில்லைன்னு கதவுல ஒட்டியிருந்தாங்க. மத்தியானம் வரைக்கும் வெளியில அந்த பெஞ்ச்ல உக்காந்திருந்தேன். இதுதான் எனக்குப் பதில்னு நினைச்சு ஊருக்குப் போயிட்டேன்." கையெழுத்து வாங்கவா என்று கேட்டேன். "இல்ல மேடம். படிவத்தைத் திருப்பி வாங்கிட்டுப் போக."

தம்பி, படிவத்தில் இருந்த தேதியைப் பார்த்தேன். அவர் வந்து காத்திருந்த வியாழக்கிழமைக்கு முந்தின நாள் புதன்கிழமைதான் நீ ஏணியிலிருந்து விழுந்தாய், நான் கையில் கிடைத்த புடவையோடு ரயிலேறினேன். நான் அழுதேன், மறைக்கவில்லை. அவர்தான் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். இருபத்தாறு வருடத்தில் அந்த ஜாடியிலிருந்து நான் குடித்தது இதுதான் முதல் தடவை.

அப்புறம் படிவத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நாலாக மடித்துக் கருவிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப நான் இன்னும் இங்கதான் படிக்கிறேனா மேடம்?" என்றார். பதிவாளரைக் கூப்பிட்டேன். அவர் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ஐந்து வருடத்தில் படிப்பை முடிக்க வேண்டும் என்ற விதி, இவர் சேர்ந்து ஆறு வருடம் கழித்து வந்ததாம், இவரைக் கட்டுப்படுத்தாதாம். சட்டைப்பையைத் தடவிக்கொண்டே, "சேரலாம்" என்றார். ஒரே ஒரு நிபந்தனை. இடைவெளிக்குப் பின் திரும்பும் மாணவர் முதல் ஒரு வருடம் வாரம் ஒருமுறை டீனைப் பார்க்க வேண்டும், அதுவும் அவர் கோப்பைக் கையில் வைத்திருக்கும் டீனையே பார்க்க வேண்டும். நீட்டிப்புப் படிவம் பதிவாளரின் கையிலேயே தயாராக இருந்தது. முத்திரையைப் பீரோவிலிருந்து எடுத்து அந்த நிமிடமே குத்திக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே ஒன்றாம் தேதி ரயிலடிக்கு வராதே. மாடியறையில் இந்த ஒரு வருடம் உன் மகள் படிக்கட்டும், பச்சைத் திரையே இருந்துவிட்டுப் போகட்டும். எந்தக் கிழமை வரட்டும் என்று அவர் கேட்டார், நீயே யூகித்துக்கொள். எனக்காக நீ ஒன்றே ஒன்று செய்தால் போதும், தம்பி. இந்த ஒரு வருடத்துக்கு, புதன்கிழமைகளில் மட்டும் ஏணியில் ஏறாமல் இரு.