சம்பந்தி வீட்டுக்கு ஒரு சர்க்கார் சீட்டு

பதற்றம் வந்தால் சிலர் ஓடுவார்கள், சிலர் உளறுவார்கள். நான் எழுதுவேன். என் கைக்கெட்டும் தூரத்தில் பேனாவும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தால் அக்கம்பக்கத்தார் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. இது நாற்பத்தெட்டு வயதில் சொல்கிற வார்த்தை. இருபத்திரண்டு வயதில் இதைத் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1950களில் ஓர் ஐப்பசி. குளத்தூர்ப் பக்கம் ஒரு வாரம் விடாமல் மழை கொட்டி, மண்சுவர் வீடுகள் நனைந்த வெல்லம்போல் கரைந்து உட்கார்ந்துவிட்டன. வீடிழந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். நான் தாலுகா ஆபீசில் தற்காலிகக் குமாஸ்தா. வேலைக்குச் சேர்ந்து பதினேழாவது நாள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடம் தெறக்கணும். ஒவ்வொருத்தரையும் விசாரிச்சுப் பேரெழுதி அனுப்பிடு. நோயாளின்னா புதுக்கோட்டை ஆஸ்பத்திரி. யாருமில்லாதவங்கன்னா திருக்கோகர்ணத்துச் சத்திரம். சொந்தபந்தம் இருந்தா அவங்க வீடு. சனிக்கெழம நாலு மணிக்கு வருவேன். ஒரு ஆளு இங்க இருக்கக் கூடாது."

நான் உடனே நோட்டில் மூன்று கட்டம் போட்டேன். மனிதகுலத்தையே மூன்று கட்டத்தில் அடக்கிவிட்ட பெருமிதம். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஒருவர் தவிர எல்லோரையும் அனுப்பிவிட்டேன். கடைசியாகச் சின்னையா வந்தார். அறுபத்தைந்து வயது, மனைவி இல்லை, வீட்டில் கதவு மட்டும் மிச்சம்.

"சொந்தக்காரங்க யாரு இருக்கா?"

"ஒரே பொண்ணுங்க. அரிமளத்துல கட்டிக்குடுத்திருக்கு."

"அப்ப அரிமளம்."

"தம்பி, பொண்ணு குடுத்த வீட்டுல போயி எப்புடித் தங்குறது? நாளு கெழமைக்குப் போனாலே தண்ணியக் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். சத்திரத்துக்கு எழுதுங்க."

(இது எனக்குத் தெரியாததா? என் அப்பாவே அக்காவைக் கொடுத்த வீட்டில் ஒரு வேளை கை நனைத்ததில்லை. எனக்குத் தெரியும், கட்டத்துக்குத் தெரியாது.)

"யாருமில்லாதவங்களுக்குத்தான் சத்திரம். உங்களுக்குத்தான் பொண்ணு இருக்கே!" என்று சட்டம் பேசினேன். சீட்டு எழுதினேன். அதுவரை நான் பார்த்திருந்த ஒரே சர்க்கார் கடிதம், நாலு பெஞ்சு அனுப்பியபோது கூடப் போனது. அதே நடையில், 'மேற்படி நபரை உடனே ஏற்றுக்கொண்டு, சேதமின்றி வந்து சேர்ந்தமைக்கு ரசீது அனுப்பவும்' என்று சம்பந்தி பெயருக்கு எழுதி, கம்பீரம் போதாதென்று மூன்று முத்திரை குத்தினேன். முத்திரையைப் பார்த்ததும் பெரியவர் சீட்டை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குக் காலிப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து என்னையே மெச்சிக்கொண்டிருந்தபோது, குடையும் கையுமாக ஒரு ஆஜானுபாகு நுழைந்தார். பின்னால் சின்னையா, அவருக்குப் பின்னால் மகள் வள்ளி. பார்த்ததும் பதறினேன். பதறியதும் பேனாவை எடுத்தேன்.

"பேரு? வீடு முழுசா இடிஞ்சுதா, பாதியா?"

"ஏன், இடிக்க ஆளு அனுப்பப் போறீங்களா?" என்றார் சம்பந்தி. "எங்க ஊரு டீக்கடையில இவர ஒக்கார வச்சு இந்தச் சீட்டைச் சத்தமா வாசிச்சாங்க. எங்க சம்பந்திய நாங்க வெரட்டிவிட்ட மாதிரியும், சர்க்கார் பிடிச்சு அனுப்பின மாதிரியும்! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்து கூட்டிப் போயிருக்க மாட்டேனா? இப்ப இவரு இங்க கெடந்தா ஊரு என்னைய என்ன சொல்லும்? நான் கூட்டிட்டுப் போறேன்னு எழுதுங்க."

எழுதினேன்.

"நான் வரலைன்னு எழுதுங்க தம்பி" என்றார் சின்னையா.

அதையும் எழுதினேன்.

முதல் சீட்டைக் கிழித்தேன், இரண்டாவதைக் கிழித்தேன், சத்திரத்துக்கு ஒன்று எழுதினேன். சத்திரம் நிரம்பிவிட்டதென்று காலையிலேயே ஆள் வந்து சொன்னது நினைவுக்கு வந்து அதையும் கிழித்தேன். மிச்சமிருந்தது ஆஸ்பத்திரிக் கட்டம்.

"ஒங்களுக்கு ஏதாச்சும் நோவு இருக்கா? முழங்கால் வலி?"

"எனக்கென்ன நோவு? எழுதி எழுதிக் கிழிக்கிறது நீங்கதான், நீங்க போங்க ஆஸ்பத்திரிக்கு."

அந்தக் கலவரத்தில் ஆஸ்பத்திரிச் சீட்டில் சம்பந்தி பெயரை எழுதி முத்திரையும் குத்தி, அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டுக் குடையை வலது கைக்கு மாற்றினார். மணி மூன்றரை.

பின்னால் நின்ற வள்ளி முன்னால் வந்தாள்.

"ஏங்க, அப்பா வந்ததுலேருந்து எங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிடல. இங்கயும் இருக்கக் கூடாதுங்கிறீங்க. அவரு மழையில நிக்கணுமா, இல்ல நான் வாழுற வீட்டுல தலகுனிஞ்சு நிக்கணுமா? ரெண்டுல ஒண்ண எழுதிக் குடுங்க, போறோம்."

பேனா நின்றது. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு எழுத வரவில்லை.

"என் ரூமுல இருக்கட்டும்" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை, நான்தான்.

சின்னையா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேத்து ஆளு எடம்னா குத்தமில்ல" என்றார். சம்பந்தியும் யோசித்து, வாரம் ஒரு மூட்டை அரிசி பருப்பு தாம் அனுப்புவதாகவும், சின்னையா அதை வேண்டாமென்று மட்டும் சொல்லக் கூடாதென்றும் நிபந்தனை போட்டுக் குடையைத் தாழ்த்தினார். நாலு மணிக்கு வந்த இன்ஸ்பெக்டர் காலிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து, "கெட்டிக்காரன்!" என்று முதுகில் தட்டினார்.

பத்துக்கு எட்டு அடி வாடகை ரூம். சின்னையாவின் புதுச் சுவர் எழும்பத் தை மாதம் ஆயிற்று. அதற்குள் ஒருநாள், நான் ஆபீசில் இருக்கும்போது, புதுக்கோட்டையிலிருந்து என் அம்மா என்னைப் பார்க்க மூட்டையோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள். கதவைத் திறந்த சின்னையா அவளைப் பேசவே விடவில்லை.

"எடமில்ல தாயி. நாங்களே ரெண்டு பேரு நெருக்கிக்கிட்டுக் கெடக்கோம். ஆபீசுல போயிப் பேரு குடு. அந்தத் தம்பி எங்கிட்டாச்சும் அனுப்பிவிடும்."

அம்மா நேராக ஆபீசுக்கு வந்து, மழை நிவாரண மனுக்காரர்களின் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. நான் தலை நிமிரவில்லை.

"சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களா?"

"ஒரு மகன் இருந்தான்" என்றாள்.

இன்றும் என் வீட்டுக்கு வந்தால் அம்மா நேரே உள்ளே வருவதில்லை. மூட்டையோடு வாசலில் நின்று, "எடம் இருக்கா, ஆபீசுல பேரு குடுத்துட்டு வரணுமா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். என் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு ஓடிவந்து, "எடமில்ல தாயி!" என்று கத்துவார்கள். நான் போய் மூட்டையை வாங்கிக்கொள்வேன்.