தினமும் நூற்றுப் பதினெட்டு

இந்தப் பனிக்காலம் முடிவதற்குள் பேட்டரியில் ஓடும் துளைபோடும் மெஷின் ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். ஏரி உறைந்துவிட்டால் எங்கள் மின்னசோட்டாவில் ஐஸில் ஓட்டை போட்டுத்தான் மீன் பிடிக்க வேண்டும். என்னிடம் இருந்ததோ கையால் சுற்றும் துளைப்பான். நான் சுற்றிச் சுற்றி ஓட்டை போடுவதற்குள் கீழே இருக்கும் மீனுக்குப் பேரன் பிறந்துவிடும்.

பணத்துக்கு எங்கே போவது? வருஷம் பிறந்ததும் இன்சூரன்ஸ்காரன் கண்ணை மூடிக்கொள்வான். முதல் சில ஆயிரம் டாலரை நாமே கட்டி அழுதால்தான் மறுபடி திறப்பான். ஊரார் சர்க்கரையை மூட்டையில் வாங்குகிறார்கள். என் ரத்தத்தில் ஓடும் சர்க்கரைக்குத் தங்கத்தின் விலை.

அதனால் என் மனைவி மார்லிஸ், இன்சூரன்ஸ்காரன் விழித்திருக்கும் டிசம்பரிலேயே சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்பை டப்பா டப்பாவாக வாங்கி அலமாரியை நிரப்பிவிடுவாள். பக்கத்தில் ஒரு மருந்துக்கடை நின்றால் வெட்கப்படும்.

தூண்டில் புழு விற்கும் கடை வாசலில், கம்பத்தில் ஓர் அட்டை தொங்கியது. 'சர்க்கரை ஸ்ட்ரிப் வாங்கப்படும். உடனே ரொக்கம்.' கீழே போன் நம்பர். இந்த மாதிரி அட்டை எங்கள் பக்கம் எத்தனையோ உண்டு. இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் இப்படிக் கைமாறியதைத்தான் வாங்கிக் காலம் தள்ளுகிறார்கள். ஆனால் இந்த அட்டை எனக்காகவே எழுதியது மாதிரி இருந்தது.

குறுஞ்செய்தி அனுப்பினேன். புழுக்கடை வாசலுக்கே வரச் சொல்லிப் பதில் வந்தது. வந்தது ஒரு ரோஜா நிறக் கோட்டு. கண் மட்டும்தான் தெரிந்தது. ஜனவரிக் குளிரில் எங்கள் ஊரில் பாதிரியாரும் பாங்குக் கொள்ளைக்காரனும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். பாவம், யாரோ பெண்பிள்ளை. வாயே திறக்காமல் டப்பாவை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்தாள். நானும் மரியாதையாக, "பாத்துப் போங்கம்மா, வழுக்கும்" என்று சொல்லி அனுப்பினேன்.

பணம் கார் ஷெட்டிலிருந்த காபி டின்னுக்குள் போனது. மீனுக்கென்று நான் ஏற்கெனவே பதுக்கியிருந்ததும் அதற்குள்தான். கையுறையைக் கழற்றி எண்ணிப் பார்க்கச் சோம்பல்.

டப்பா டப்பாவாக விற்றேன். விரலைக் குத்துவதை அடியோடு நிறுத்தினேன். இன்சுலினைக் குத்துமதிப்பாகக் குத்திக்கொண்டேன். காலையில் மார்லிஸ் சர்க்கரை எவ்வளவு என்று கேட்பாள். நூற்றுப் பதினெட்டு என்பேன்.

"நேத்தும் நூத்திப் பதினெட்டு, முந்தாநாளும் நூத்திப் பதினெட்டு. உடம்புல ரத்தம் ஓடுதா, இல்ல நின்னுபோச்சா?"

"கட்டுப்பாடு மார்லிஸ், கட்டுப்பாடு."

"ஓஹோ" என்றாள். அந்த ஓஹோவிலேயே நான் முழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, மெஷின் வாங்கக் கிளம்பினேன். கொஞ்சம் தலைசுற்றல். ஒரே தாகம். மார்லிஸ் மேஜைமேல் ஒரு டப்பாவை வைத்தாள்.

"என் எதிர்ல பாரு வெர்ன்."

டப்பாவின் மேல் ஊதாக் கிரேயானில் நாலு கால் வைத்த மீன். எங்கள் மகள் பிரிட்டாவின் கைவண்ணம். வியாழக்கிழமை நான் விற்ற டப்பா.

விரலைக் குத்தினேன். கருவி முந்நூறைத் தாண்டி நின்றது.

"இது எப்படி..."

"அந்த அட்டையத் தொங்கவிட்டதே நான்தான். சர்ச் விருந்துல யாரோ ஸ்ட்ரிப் விக்கிற கதையச் சொன்னப்ப, 'இதுக்கெல்லாமா காசு தர்றாங்க?'ன்னு வாயைப் பொளந்தியே. எவனோ வாங்கிட்டுப் போறதுக்குப் பதிலா நானே வாங்கிக்கிறேன்னு நெனச்சேன். நீ ரெண்டு தடவை வித்துப் பாத்துட்டு நிறுத்துவேன்னு பாத்தா, கடையே வச்சிட்டே."

"அப்ப அந்தப் பொம்பள?"

"பக்கத்து வீட்டு ஆர்லோ. அவன் பொண்டாட்டி கோட்டு."

ஆர்லோ! பத்து வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவன்.

"எனக்குக் குடுத்த பணம்?"

"உன் காபி டின்லேர்ந்துதான். நான் எடுப்பேன், அவன் உன்கிட்ட குடுப்பான், நீ திரும்பப் போடுவே."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப பணம் டின்லயே இருக்கு!"

"இருந்துச்சு. நேத்து உனக்கு இன்சுலின் வாங்கினேன். டின்னு தொடச்சு வச்ச மாதிரி ஆயிடுச்சு." கருவியை என் பக்கம் திருப்பினாள். குரல் இறங்கிவிட்டது. "மெஷின் இல்லாமலும் மீன் பிடிக்கலாம் வெர்ன். சர்க்கரை ஏறிக் காலை எடுத்துட்டாங்கன்னா ஐஸ் மேல எதை வச்சு நிப்பே?"

ஊசியை எடுத்தேன். அவளே அளவு பார்த்துக் கொடுத்தாள். போட்டுக்கொண்டேன்.

போகட்டும், பழைய கைத்துளைப்பானாவது இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன். "ஆர்லோவுக்கு என்ன கூலி?"

மார்லிஸ் ஜன்னலைக் காட்டினாள். ஏரிப் பக்கம் ரோஜா நிறக் கோட்டு ஒன்று என் கைத்துளைப்பானைத் தோளில் சாத்திக்கொண்டு ஒய்யாரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன சும்மா நிக்கிறே? 'பாத்துப் போங்கம்மா'ன்னு சொல்லலையா?"