சுவிட்ச் அங்கிளும் கூரைமேல் உபயமும்

பிள்ளையாரை இருட்டில் உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பிள்ளையாரே நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் மெல்பர்னில், நோபல் பார்க்கில் இருந்தார். பெற்றவர்கள் அவருக்கு ஏதோ நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் சுவிட்ச் அங்கிள்.

எங்கள் கோயிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோபுரம், தெப்பக்குளம் என்று கற்பனையை ஓடவிட வேண்டாம். முன்பு கம்பளம் விற்ற கிடங்கு அது. ஒரு பக்கம் டயர் கடை, மறுபக்கம் குளியலறைக் கல் விற்கும் கடை, நடுவில் தகரக் கூரைக்குக் கீழே பிள்ளையார். கோடையில் உள்ளே நுழைந்தால், ஆவியில் வேகும்போது மோதகம் என்ன நினைத்துக்கொள்ளும் என்பது நமக்கும் விளங்கிவிடும். வருகிறவர்களில் பெரும்பாலோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஊடே என்னைப் போல் சில திருச்சி, மதுரை ஆசாமிகள்.

அங்கிளை நான் முதன்முதலில் சந்தித்தது சந்நிதியில் இல்லை, கழிப்பறையில். நான் உள்ளே இருந்தேன். விளக்கு பட்டென்று அணைந்தது. கும்மிருட்டு. வெளியிலிருந்து ஒரு குரல் நிதானமாகக் கேட்டது:

"உள்ள ஆளோ?"

"ஆமா."

"ஆள் இருந்தாச் சரி."

விளக்கு எரிந்தது. வெளியே வந்து பார்த்தால், வெள்ளை வேட்டியும் கம்பளிச் சட்டையுமாக ஒல்லியாக ஒருவர். கழுத்தில் உருத்திராட்சம்; அதே கயிற்றில் ஒரு சாவி. அது கோயிலின் சுவிட்ச் அறைச் சாவி என்றும், குளிக்கும்போதுகூட அதை அவர் கழற்றுவதில்லை என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். நான் கை கழுவி முடிப்பதற்குள் அவர் மறுபடி விளக்கை அணைத்துவிட்டிருந்தார்.

கோயிலில் அவர் அணைக்காத சுவிட்ச் இல்லை. தீபாராதனை தொடங்கியதும் மண்டபத்து விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுவார். கற்பூரம் எரியும்போது பல்பு எதற்கு என்பது அவர் கட்சி. இருட்டில் ஒற்றைச் சுடரில் பிள்ளையார் தெரிய, பெண்கள் கண்ணீர் மல்கினார்கள். சிட்னி ஸ்ட்ராத்ஃபீல்டிலிருந்து வந்த ஒரு குடும்பம், இது எந்த ஆகமத்தில் வருகிறது என்று குருக்களிடம் பயபக்தியோடு கேட்டது. குருக்கள் முகத்தை அசைக்காமல், "மிகப் பழைய முறை" என்றார்.

அன்னதானத்திலும் அங்கிளின் ஆட்சிதான். தெர்மோகோல் தட்டுகளை ஒழித்துவிட்டு, ஆளாளுக்கு வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கோப்பை கொண்டுவர வேண்டும் என்று அறிவித்தார். யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் தட்டு. இது தெரியாமல் முதல் வாரம் காபி டம்ளரோடு போய் வரிசையில் நின்ற ஒரே ஆள் நான்தான். மறந்து வருகிறவர்களுக்கென்று அவர் ஒரு தட்டு வைத்திருந்தார். ரோஸ் நிறம், நடுவில் காரட் கடிக்கும் முயல், குழந்தைகள் தட்டு. "இந்தாங்கோ தம்பி, உங்கட கோப்பை" என்று ஊரறிய நீட்டுவார். பகலில் பெரிய கம்பெனியில் மென்பொருள் எழுதுகிற நான், வாரக் கடைசிகளில் அந்த முயலின் முகத்தில் சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முயலுக்கும் எனக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது.

நான் கோயில் கமிட்டியில் சேர்ந்ததும் சாப்பாட்டால்தான். பொதுக்கூட்டத்தின் நடுவே இன்னொரு வடைக்காகக் குசினிக்குள், அதாவது சமையலறைக்குள், போனேன். திரும்பி வந்தபோது என்னைச் சுற்றுச்சூழல் செயலாளராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மறுசுழற்சிக்கான மஞ்சள் மூடித் தொட்டியில் எதைப் போடுவது என்று இன்றுவரை மனைவியைக் கேட்டுத்தான் போடுகிறவன் நான்.

அந்தக் கமிட்டியில்தான் அங்கிள் தன் வாழ்நாள் ஆசையை எடுத்து வைத்தார். தகரக் கூரை சும்மா கிடந்து காய்கிறது. அதில் சோலார் பனல் போட்டால் கோயில் தன் கரண்டைத் தானே சமைத்துக்கொள்ளும். தலைவர் ஓய்வுபெற்ற கணக்காளர், எதையும் இரண்டு தரம் யோசிப்பவர். மெல்பர்னில் வெயிலை நம்பி யாராவது கொடியில் வேட்டி காயப்போடுவார்களா என்று கேட்டார். வாக்குவாதம் முற்றியது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: தேர்த் திருவிழா அன்று மத்தியானம் விசிறி, குசினி எல்லாம் கூரைக் கரண்டில் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அங்கிள் சுவிட்ச் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைப் போல் சாமி கும்பிட்டோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருக்க வேண்டும்.

அங்கிளின் மனைவி காலமாகியிருந்தார். மகள் சிட்னியில். வீட்டில் அவர் அணைப்பதற்கு இருந்தது ஒரே ஒரு விளக்கு. அந்தச் சாவி இல்லாவிட்டால் அவருக்கு மிச்சம் என்ன என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "ஓம், சரி" என்றார்.

பனலுக்கு உபயகாரர்கள் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைப்பார்கள்? நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோயிலுக்கு ஒரு ட்யூப் லைட் கொடுத்தால் அதன்மேல் தன் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் எழுதி, வெளிச்சம் வெளியே வர ஓர் இடுக்கு மட்டும் விடுகிறவர்கள் நாம். கூரைமேல் கிடக்கும் பொருளுக்கு யார் கொடுப்பார்கள்? தலைவர் யோசித்தார். "பனலிலயும் பேர் போடுவம்" என்றார். அடுத்த பூசைக்குள் எல்லாப் பனலும் தீர்ந்துவிட்டது.

பனல் பொருத்திய கம்பெனிக்காரர்கள் இறங்கிப் போனதும் எங்கள் வேலை தொடங்கியது. பெரிய மஞ்சள் எழுத்தில் குடும்பம் குடும்பமாகப் பெயர் ஒட்டினோம். என் பனலில் நான், மனைவி, பிள்ளைகள், நால்வரின் நட்சத்திரங்கள், போதாக்குறைக்குத் திருச்சியில் இருக்கும் மாமனார், மாமியார். மாமனார் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தன் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். பிறகு குருக்களை வேட்டிக்கு மேல் பளபளக்கும் மஞ்சள் பாதுகாப்புச் சட்டையும் இடுப்பு வாரும் மாட்டி, டயர் கடையில் இரவல் வாங்கிய தூக்கி இயந்திரத்தில் ஏற்றினோம். புதுக் காருக்குச் செய்வதுபோல ஒவ்வொரு பனலுக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை சாத்தினார். கீழே நின்று அங்கிள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சுவிட்ச் அறைச் சுவரில் ஒரு சின்னத் திரை. அதில் ஓர் அம்புக்குறி. கரண்ட் வீதியிலிருந்து கோயிலுக்கு வந்தால் அம்பு உள்ளே பார்க்கும். கூரை போதுமான அளவு சமைத்து மிச்சம் வெளியே போனால் அம்பு வெளியே பார்க்கும். எங்கள் அம்பு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தது. மேகமில்லாத நாளிலும் உள்ளேதான். அங்கிள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பதுபோல் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து யூகலிப்டஸ் மரத்தைச் சந்தேகித்தார். கூரையில் உட்கார்ந்த கொக்கட்டூப் பறவைகளோடு சண்டை போட்டார். ஒரு நாள் அவர் திரைக்கு விபூதி பூசுவதைப் பார்த்தேன், பார்க்காததுபோல் வந்துவிட்டேன். இந்த நாள்களில் அவர் விளக்கை அணைக்கவே மறந்தார். கழிப்பறையில் வெளிச்சத்தில் உட்கார எனக்குச் சங்கடமாக இருந்தது.

தேருக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பனல் கம்பெனியின் எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். வெள்ளைக்கார இளைஞன். ஏணியில் ஏறினான், வெகுநேரம் நின்று பார்த்தான், இறங்கி வந்தான். மேலே யாருக்குக் கல்யாணம் நடந்தது என்று கேட்டான். வெயிலில் சந்தனம் ஓடுபோல் இறுகியிருந்ததாம், மாலைகள் கருகி ஒட்டியிருந்தனவாம். எழுத்துகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பனலில் நிழல் விழுந்தாலே அதோடு கோத்த மற்றவையும் சேர்ந்து படுத்துவிடும் என்று விளக்கினான்.

அன்று மாலையே கூட்டம். சந்தனத்தைத் துடைக்க எல்லோருக்கும் சம்மதம். பெயரைத் துடைக்க யாருக்கும் சம்மதமில்லை. ராசாத்தி அன்ரி எழுந்தார். அன்னதானத்துக்கு அரிசி அளக்கிறவர், அவர் பேச்சுக்கு எதிர்ப் பேச்சு கிடையாது.

"என்ர பேரை உரிச்சா பனலையும் உரிச்சுத் தாங்கோ. வீட்டுக் கூரையில போடுறன்."

"கூரையில ஆர் அன்ரி வாசிக்கிறது?" என்று யாரோ கேட்டார்.

"பிளேனில போறவை வாசிப்பினம்."

தலைவர் கெட்டவர் இல்லை. அவர் குரல் இறங்கியே இருந்தது. "அண்ணை, சனத்தின்ர மனசை முறிக்கேலாது. தேருக்கு முன்னம் ஒண்டும் சரிவராது போல. திறப்பைத் தாங்கோ."

திறப்பு என்றால் சாவி. அங்கிள் கயிற்றைத் தலைவழியே கழற்றினார். அது காதில் மாட்டியது, பிறகு கண்ணாடியில் மாட்டியது. அவிழ்க்கத் தலையைச் சாய்த்தவரின் கண்ணில் வாசலோரத்து சுவிட்ச் பலகை பட்டது. அப்படியே நின்றார், ஒரு காதில் சாவி தொங்க.

"பேரை இஞ்ச ஒட்டுவம்" என்றார்.

"எங்க?"

"சுவிற்சில. ஆளுக்கொரு சுவிற்ச். கூரையில கொக்கட்டூதான் வாசிக்கும். இதைப் போடுற ஆளும் வாசிக்கும், நூக்கிற ஆளும் வாசிக்கும்." நூக்கிறது என்றால் அணைக்கிறது, அவர் மிக அதிகமாகப் பயன்படுத்திய வினைச்சொல்.

ராசாத்தி அன்ரி மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்தார். "மூலஸ்தானத்துக்குப் பக்கத்துச் சுவிற்ச் எனக்கு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை அடிதடி என்று சொல்ல மாட்டேன், பக்தி என்று சொல்கிறேன். சுவிட்ச் பற்றாமல் போய், ஃப்ரிட்ஜ் பிளக்குக்கும் சோறு வேகும் பாத்திரத்தின் பிளக்குக்கும்கூட ஆள் வந்தது. எனக்குக் குசினிப் புகைபோக்கி விசிறியின் சுவிட்ச் கிடைத்தது. படம் எடுத்துத் திருச்சிக்கு அனுப்பினேன். செயற்கைக்கோளை விட இது தெளிவாக இருக்கிறது என்று மாமனார் பாராட்டினார். அங்கிளையும் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னோம். மிஞ்சியிருந்தது கழிப்பறை சுவிட்ச். "அது காணும்" என்றார், போதும் என்கிற அர்த்தத்தில். அதற்கு மேல் 'சுவிட்ச் அங்கிள்' என்று ஒட்டினோம். பனல்களைத் துடைக்க அவரோடு நானும் தூக்கியில் ஏறினேன். எனக்கு உயரம் ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு வாளியைப் பிடித்திருந்தேன். வாளியை மட்டுமாவது நேராகப் பிடித்திருக்கலாம் என்று அவர் பிறகு சொன்னார்.

தேர் அன்று தார் உருகும் வெயில். சனம் நிறைந்து வழிந்தது. விசிறிகள் சுற்றின, குசினியில் சோறு கொதித்தது. மத்தியானம் தலைவர், குருக்கள், நான் எல்லோரும் சுவிட்ச் அறையில் திரையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றோம். அம்பு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. எங்களுக்குப் போக மிச்சம் வீதிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அங்கிள் வெகுநேரம் பார்த்தார். "பிள்ளையார் டயர் கடைக்கும் அன்னதானம் போடுறார்" என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. மண்டபத்துக்குள் போய் வாசலிலிருந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட ஆரம்பித்தார். ராசாத்தி அன்ரி விளக்கு, தலைவர் விளக்கு, எல்லோர் விளக்கும். உச்சிவெயிலில் கோயில் முழுக்க ஜெகஜ்ஜோதி. தலைவர் பின்னாலேயே ஓடினார்.

"அண்ணை, பட்டப்பகல்ல ஏன் லைற்?"

அங்கிள் கடைசி சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "சண்டைக் காலத்தில எங்கட பக்கம் வருசக்கணக்கா கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோ கேட்டனாங்கள். என்ர பிள்ளை ஜாம் போத்தில் விளக்கிலதான் ஏபிசிடி படிச்சவள்." அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். "சோறு போடுமட்டும் எரியட்டும். பிறகு நானே நூக்கிறன்."

சொன்னபடி நூத்தார். சாவி அவர் கழுத்திலேயே இருந்தது, மகள் வந்து சிட்னிக்குக் கூட்டிப்போகும்வரை. போகும்போது அதைத் தலைவர் கழுத்தில் அவரே மாட்டிவிட்டார். முயல் தட்டை என்னிடம் தந்தார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போய் வருகிறாராம். அண்மையில் போனில் பேசியபோது குரல் சுரத்தில்லாமல் இருந்தது. மகளின் அடுக்குமாடி வீட்டில் ஆள் உள்ளே போனால் விளக்கு தானாக எரிகிறதாம், வெளியே வந்தால் தானாக அணைகிறதாம். "எனக்கு இஞ்ச வேலையே இல்லைத் தம்பி" என்றார்.

இங்கே இப்போது தலைவர்தான் விளக்கை அணைத்துக்கொண்டு திரிகிறார், அங்கிளைவிடக் கறாராக. ஆனால் அவர் அணைப்பதோடு சரி, கேட்பதில்லை. கழிப்பறை இருட்டில் நான் சில சமயம் வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் நேரம் உட்கார்ந்திருக்கிறேன், வெளியிலிருந்து யாராவது "உள்ள ஆளோ?" என்று கேட்க மாட்டார்களா என்று.